குறுக்கு விசாரணை: சொல் விளக்கம்

கோவை, ஈரோடு நீதிமன்ற வராந்தாக்களில் இந்தச் சொல் முழுதாகக் காதில் விழுவது அரிது. "சீஃப் முடிஞ்சுதுங்க, மத்தியானம் கிராஸ்" என்பதுதான் பேச்சு. சாட்சியை அழைத்த தரப்பு முதலில் கேட்பது சீஃப், அதன்பின் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பது கிராஸ், அதாவது குறுக்கு விசாரணை. சாட்சியத்தைத் தட்டச்சு செய்யும்போதுதான் 'குறுக்கு விசாரணை' தலைப்பாக ஏறும்.

குறுக்குப் புத்தி, குறுக்கு வழி என்றெல்லாம் வருவதால் 'குறுக்கு' இங்கே பொருந்தாது, மாற்ற வேண்டும் என்று சொல்வோர் உண்டு. தேவையில்லை. குறு, குறுகு, குறுக்கு என வளர்ந்த சொல் அது. நீண்ட பக்கம் நெடுக்கு, குறுகிய பக்கம் குறுக்கு, அவ்வளவுதான். மேட்டாங்காட்டில் நெடுக்க ஓட்டிய பிறகு ஏன் குறுக்க ஓட்டுகிறார்கள்? முதல் ஓட்டில் சாலுக்குச் சால் நடுவே கலையாமல் நின்ற மண், குறுக்கே போகிற கொழுவில்தான் பெயரும். சாட்சிக்கும் அதே வேலைதான் நடக்கிறது. ஆங்கிலக் 'கிராஸ்' லத்தீன் 'குருக்ஸ்' வழி வந்தது. நம் குறுக்கோடு ஒலி ஒத்திருப்பது தற்செயல்.

சிக்கல் 'விசாரணை'யில்தான். வடமொழி வரவு என்பதைவிட, அதன் தலையில் ஏற்றியிருக்கும் சுமைதான் பெரிது. போலீஸ் செய்வதும் விசாரணை, நீதிமன்றம் வழக்கை நடத்துவதும் விசாரணை, சாட்சியிடம் கேள்வி கேட்பதும் விசாரணை. போதாததற்கு வீட்டுக்கு வந்தவர் நலம் விசாரிக்கிறார். சாட்சியத்தின் கடைசியில் 'மறு விசாரணை: இல்லை' என்று பார்க்கும் கட்சிக்காரர், வழக்கை இனி மறுபடி நடத்தமாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள இடமிருக்கிறது. சாட்சியை அழைத்த தரப்பு, குறுக்கு விசாரணையில் எழுந்ததைத் தெளிவுபடுத்த மீண்டும் கேட்பதுதான் அங்கே சொல்லப்படுகிறது. முதல் வினவல், குறுக்கு வினவல், மீள்வினவல் என்று வைத்தால் இந்தக் குழப்பம் போய்விடும்.

மூன்றையும் 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 137-ஆம் பிரிவு வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் அது 142-ஆம் பிரிவு. முதல் வினவலில் சொன்னதற்குள்ளேயே குறுக்கு வினவல் அடங்க வேண்டும் என்பதில்லை. வழக்குக்குத் தொடர்பிருந்தால் போதும். விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கவும் செய்யலாம்.

பதிவு எப்படி ஆகிறது என்பது தெரியாமல் சாட்சியத்தைப் படிக்க முடியாது. பெரும்பாலும் கேள்வி மறைந்துவிடும், விடை மட்டும் சாட்சியே பேசுவதுபோல் நிற்கும். "போலீசாரிடம் நான் இதைச் சொல்லவில்லை என்றால் சரியல்ல" என்ற வரியில் சாட்சி சொல்வது: சொன்னேன். கடைசி 'சரியல்ல'வை விட்டுவிட்டுப் படித்தால் பொருள் தலைகீழ். கூண்டில் சொன்னது போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தில் இல்லை என்று காட்டத்தான் இந்தக் கேள்வி. இதோடு வேலை முடிவதுமில்லை. பிறகு கூண்டேறும் புலனாய்வு அதிகாரியிடம், "அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) உங்களிடம் அப்படிச் சொன்னாரா?" என்று கேட்டு, இல்லை என்ற விடையையும் வாங்க வேண்டும். அதை மறந்தால் முதலில் கேட்டது வீண், முரண் நிரூபணமானதாகாது. முந்தைய வாக்குமூலத்திலேயே வேறு மாதிரி இருந்தால் அந்தப் பகுதியைச் சாட்சிக்குக் குறிப்பாகக் காட்டிய பிறகே அதை வைத்து முரண் காட்ட முடியும். கேட்காமலே விட்ட செய்தியோ, எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டதாகவே பெரும்பாலும் கொள்ளப்படும்.

எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதற்கு நன்னூலிலேயே விடை இருக்கிறது. பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்தைப் பவணந்தியின் ஊராகச் சொல்வது கொங்கு வழக்கு. அவர் வகுத்த ஆறு வினாக்களில் முதலிரண்டு அறிவினா, அறியாவினா. குறுக்கு வினவலில் எழுப்ப வேண்டியது அறிவினா, அதாவது விடை தெரிந்தே கேட்பது. ஆம், இல்லை என்ற நேர்விடை, மறைவிடைக்கு மேல் சாட்சிக்கு இடம் தரவும் கூடாது.

இதைப் பிழையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 'அனாடமி ஆஃப் எ மர்டர்' படத்தை மறுபடி போட்டுப் பார்க்கலாம். ஓட்டோ பிரெமிஞ்சர் இயக்கிய 1959-ஆம் ஆண்டுப் படம். மூலம் ராபர்ட் டிரேவர் 1958-இல் வெளியிட்ட நாவல். புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் வோல்கர். தொழில் தெரிந்த கை என்பது படத்திலும் தெரியும். (பார்க்காதவர்கள் மீதியைத் தாண்டிவிடலாம்.)

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்புக்காகக் கடைசி நேரத்தில் மேரி பிலன்ட் சாட்சி சொல்ல வருகிறாள். அரசுத் தரப்பு வழக்கறிஞராக நடிக்கும் ஜார்ஜ் சி. ஸ்காட் குறுக்கு விசாரணைக்கு எழுகிறார். செத்துப்போன மதுக்கடைக்காரன் பார்னி குவிலுக்கு இவள் காதலி, பொறாமையில் பேசுகிறாள் என்பது அவருடைய கணக்கு. முகத்துக்கு நேரே நெருங்கி, அவன் உனக்கு யார் என்று துருவுகிறார். அப்பா என்கிறாள்.

அவர் கேட்டது அறியாவினா. விடையும் ஆம், இல்லையில் அடங்கவில்லை. காதலி என்ற ஊகத்தை மட்டும் வைத்து, மறுப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நம் ஊர்ப் பதிவில் "நான் அவருடைய காதலி என்றால் சரியல்ல" என்ற ஒரு வரியோடு அது போயிருக்கும்.