நாய்க்கடி: ஊசிக்கு முன்னால் சோப்பு

நாய் கடித்து எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களின் காயத்தில் என்னென்னவோ அப்பியிருக்கும். மஞ்சள்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி. எருக்கம்பால் ஊற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. "சோப்புப் போட்டுக் கழுவினீர்களா?" என்று செவிலியர் கேட்டால், "இல்லை சிஸ்டர், உடனே ஓடி வந்துவிட்டோம்" என்பார்கள். ஓடி வந்தது நல்லதுதான். கழுவிவிட்டு ஓடி வந்திருந்தால் இன்னும் நல்லது.

வெறிநாய்க்கடி நோயான ரேபிஸை உண்டாக்கும் வைரஸின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது; சோப்பு பட்டால் அது சிதைந்துவிடும். துணி சோப்பே போதும். குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவச் சொல்கிறேன். ஏனென்றால் பிள்ளை எரிகிறதென்று அழ ஆரம்பித்ததும் இரண்டாவது நிமிடத்திலேயே குழாயை மூடிவிடுகிறார்கள்.

இந்த வைரஸ் ரத்தத்தில் ஓடிப் பரவுவதில்லை. எச்சிலோடு காயத்தில் இறங்கி, தசையில் சற்றுப் பெருகி, நரம்பு நுனிக்குள் புகுந்து, அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டே மெல்ல மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் 1 முதல் 3 மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்துக்குள், அரிதாக ஓராண்டு கழித்து. முகம் மூளைக்குப் பக்கம், கைவிரலில் நரம்பு நுனிகள் அதிகம்; அங்கே பட்ட கடியை நாங்கள் அதிகம் அஞ்சுவது இதனால்தான்.

மூளையைத் தொட்டபின் எங்கள் கையில் எதுவும் இல்லை. எப்போதோ ஆறிய தழும்பில் குறுகுறுப்பு, காய்ச்சல். பிறகு தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனாலே தொண்டைத் தசைகள் இறுகி இழுக்கும். மின்விசிறிக் காற்றுக்கும் அப்படியே. இடையிடையே நினைவு தெளிந்து, நோயாளி பக்கத்தில் நிற்பவர்களை அடையாளம் கண்டு பேசுவார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த ஆர்ப்பாட்டம் ஏதுமின்றி கைகால்கள் செயலிழக்கும். அதை ரேபிஸ் என்று கண்டுபிடிப்பதே சிரமம். அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர்கள் உலகளவிலேயே மிகச் சிலர்.

தடுப்பூசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. உடல் எதிர்ப்பொருளை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியை அடைப்பதுதான் சீரம், அதாவது ஏற்கெனவே தயாரான எதிர்ப்பொருள் அடங்கிய மருந்து. கடியோ பிறாண்டலோ, ரத்தம் வந்திருந்தால் சீரம் தேவை. அதைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். "புண்ணுக்குள்ளேயே ஊசியா?" என்று கோபப்படுவார்கள். வலிக்கும், விரல் நுனியில் ரொம்பவே வலிக்கும். ஆனாலும் அது போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான். முதல் நாளே போடுவது நல்லது; முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்துவிட்டால் சீரத்தால் பயனில்லை. எல்லா இடத்திலும் சீரம் இருக்காது. இல்லையென்றால் எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று கேட்டு அன்றைக்கே போய்விடுங்கள்.

டி.டி. ஊசி போட்டுக்கொண்டு, நாய்க்கடிக்கு ஊசி போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்களையும் பார்க்கிறேன். அது டெட்டனஸுக்கு. ரேபிஸ் தடுப்பூசி வேறு. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் (முதல் ஊசி போடும் நாள்தான் 0) இரண்டு கையிலும் துளித்துளியாகப் போடுகிறோம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தின் காலம். அந்த மருந்து இந்தியாவில் 2005ஆம் ஆண்டு வாக்கிலேயே ஒழிந்துவிட்டது. பயம் மட்டும் இன்னும் ஒழியவில்லை.

வீட்டு நாய்க்குட்டி பல் பதித்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பிள்ளைகளோ திட்டு விழுமென்று சொல்வதே இல்லை. சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். நீங்கள் ஊசியைத் தொடங்கிவிடுங்கள்; அதைக் கட்டிவைத்து 10 நாள் கவனியுங்கள். அது நன்றாக இருந்தால் மீதி ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும், குரங்குக்குப் பொருந்தாது.

ஊசிகளை முழுமையாகப் போட்டு முடித்தவர்கள் அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னால் மறுபடி கடிபட்டால் 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், சீரம் வேண்டாம். சீட்டு இல்லாமல் வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், சீரம் உட்பட.