கேமராவுக்கு எதுக்கு அப்டேட்டு?

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு, கல்யாண போட்டோ எடுக்கும் வண்ணார்பேட்டைத் தம்பி ஒருவர் ஷட்டர் பழுதென்று கேமராவைக் கொண்டுவந்தார். கேனான் 80டி. மெனுவைத் திறந்தால் ஃபர்ம்வேர், அதாவது கேமராவை ஓட்டும் உள் மென்பொருள், இன்னும் பழைய 1.0.2. வைஃபை வேறு ஆனிலேயே கிடக்கிறது. அப்டேட் செய்யச் சொன்னேன்.

“அண்ணாச்சி, படம் எடுக்கிற பொட்டிக்கு எதுக்கு அப்டேட்டு?”

நியாயமான கேள்விதான். ஆனால் 2019 ஆகஸ்டில் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதே மாடலை வைத்துத்தான் செய்து காட்டினார்கள்: வைஃபை வழியாக உள்ளே புகுந்து, கார்டில் இருந்த படங்களையெல்லாம் பூட்டிவிட்டு, பணம் கேட்கும் அறிவிப்பைக் கேமரா திரையிலேயே வரவைத்தார்கள். 80டியில் கார்டு போட ஒரே இடம்தான். தாலி கட்டும் படம் மொத்தமும் அந்த ஒன்றில்தான் இருக்கும்.

ஓட்டை இருந்தது பி.டி.பி. என்கிற முறையில். கேமராவிலிருந்து கணினிக்குப் படம் போவது இதன் வழியாகத்தான். கேபிள் காலத்தில் வந்தது. மறுமுனையில் இருப்பது நம்ம கணினிதான் என்று நம்பி, பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. அதையே அப்புறம் வைஃபைக்கும் கொண்டுபோனார்கள். கேமராவுக்குப் பழக்கமான பெயரில் ஒரு போலி வைஃபையை மண்டபத்தில் எவனாவது வைத்தால், அது போய் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

உண்மையைச் சொன்னால், இப்படிப் பூட்டப்பட்ட கேமரா எதுவும் என் மேசைக்கு வந்ததில்லை. ‘வைரஸ்’ என்று வருவதெல்லாம் பெரும்பாலும் போலி கார்டு, இல்லையென்றால் படம் ஏறும்போதே உருவிய கார்டு. எனக்குப் பயம் மண்டபத்து வைஃபையைவிட ஆல்பம் டிசைன் செய்யும் இடத்துக் கணினி மேல்தான். திருட்டு விண்டோஸ், திருட்டு போட்டோஷாப், அதில் ஊரிலுள்ள எல்லார் கேமராவும் கேபிளில் ஏறி இறங்கும். அந்தக் கணினியில் தொற்று இருந்தால் யு.எஸ்.பி. வழியாகவும் இதே வேலையைச் செய்யலாம். கார்டை உருவி ரீடரில் போட்டுக் கொடுங்கள். திரும்பி வந்ததும் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

80டிக்கு 1.0.3 என்ற திருத்தத்தைக் கேனான் அப்போதே வெளியிட்டுவிட்டது. அதை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்ட கோப்பை ஏற்றாதீர்கள். கேமரா மூளையையே அடுத்தவன் கையில் கொடுப்பது அது.

ஷட்டரை மாற்றிவிட்டு அப்டேட்டைத் தொடங்கலாம் என்றால் பேட்டரியில் ஒரு கோடுதான். பாதியில் அணைந்தால் கேமரா எழுந்திருக்காமலே போகலாம். சரி என்று சார்ஜில் போட்டுவிட்டு இரண்டு பேரும் டீ குடிக்கப் போனோம்.