பெட்டிக்குள் ஓயாத வேதியியல்: கியூபச் சுருட்டு எப்படி முதிர்கிறது?

கியூபாவின் சுருட்டுகளை விற்கும் ஹபானோஸ் நிறுவனம் 2005ஆம் ஆண்டு ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கியது. குறிப்பிட்ட ஒரு நாட்டுக்கோ பிராந்தியத்துக்கோ மட்டும் என்று ஒரு சுருட்டை உருவாக்கி, குறைந்த எண்ணிக்கையில் விற்பது. 'எடிசியோன் ரெஹியோனால்', அதாவது பிராந்தியப் பதிப்பு என்று அதற்குப் பெயர். பிராண்டின் வழக்கமான காகிதப் பட்டையோடு சிவப்பும் வெள்ளியும் சேர்ந்த இரண்டாவது பட்டை ஒன்று இருக்கும், அதில் நாட்டின் பெயர் இருக்கும். அந்த பிராண்டின் வழக்கமான பட்டியலில் இல்லாத அளவிலும் வடிவத்திலும் சுருட்டைச் செய்வார்கள். பிரிட்டனுக்கென முதலில் வந்த, ரமோன் அயோனெஸ் பிராண்டின் பெலிகோசோஸ் போன்ற பெட்டிகளைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

அரிது என்பதால் விலை ஏறுவது புரிகிறது. ஆனால் இந்தச் சேகரிப்பில் உண்மையிலேயே சுவாரசியமானது வேறு. தபால் தலையோ நாணயமோ பெட்டியில் வைத்தபடியே இருக்கும். சுருட்டு அப்படி இருக்காது, வாங்கி வைத்த பிறகும் அது மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் சேகரிப்பவரின் வேலை.

இலையிலிருந்து தொடங்குவோம். கியூபாவின் மேற்கே, பினார் தெல் ரியோ மாகாணத்தில் உள்ள வுவெல்டா அபாஹோ பகுதிதான் இந்தப் புகையிலையின் தாய்மண். ஒரே செடியில் அடி இலை, நடு இலை, நுனி இலை மூன்றுக்கும் குணம் வேறு. அடியில் உள்ள 'வொலாதோ' மென்மையானது, நன்றாக எரியும். நடுவில் உள்ள 'செக்கோ' மணம் தரும். வெயிலை முழுக்க வாங்கும் நுனி இலையான 'லிஹேரோ' தடித்தது, பிசின் நிறைந்தது, நிக்கோட்டின் அதிகம், மெதுவாகத்தான் எரியும். மேலே சுற்றும் இலைக்கு மட்டும் தனி வயல். அங்கே செடிகளுக்கு மேல் மெல்லிய துணிப்பந்தல் கட்டி வெயிலைக் குறைப்பார்கள். இலை அகலமாக, மெல்லியதாக வளரும்.

பறித்த இலைகளைக் கொட்டகையில் ஐம்பது நாள் வரை தொங்கவிடுவார்கள். இலையின் உயிரணுக்கள் உடனே இறப்பதில்லை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையையும் சுவாசித்தே தீர்க்கின்றன. பச்சையம் சிதைந்து மஞ்சள் தெரியும். அப்புறம் இலையில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற சேர்மங்கள் காற்றோடு சேர்ந்து பழுப்பாகும். அடுத்து இலைகளைச் சற்று நனைத்துக் குவியலாக அடுக்குவார்கள். ஈரம் காயாத வைக்கோலைப் போராகப் போட்டால் உள்ளே சூடேறுமே, அதே போலத்தான் இங்கும் நொதித்தல் தொடங்கி வெப்பம் ஏறுகிறது. புரதங்கள் சிதைந்து அமோனியா வெளியேறும், நிக்கோட்டினும் ஓரளவு குறையும். சூடு அளவு மீறினால் இலை கெட்டுவிடும் என்பதால் குவியலைப் பிரித்து மறுபடி அடுக்குவார்கள்.

சர்க்கரை தீர்ந்துபோனதன் விளைவு பெரியது. சிகரெட் இலையைச் சூடான காற்றில் வேகமாக உலர்த்துவதால் அதில் சர்க்கரை தங்கிவிடுகிறது, புகை அமிலத்தன்மையோடு இருக்கிறது. சுருட்டின் புகை அதற்கு நேரெதிரான காரத்தன்மை கொண்டது. காரத்தன்மையில் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறும், நுரையீரல் வரை இழுக்க வேண்டியதில்லை. இதை வைத்துச் சுருட்டு தீங்கற்றது என்று சிலர் நினைப்பது தவறு. மணத்தை உருவாக்கும் இதே பதப்படுத்தலில்தான் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, அது நிக்கோட்டின் முதலானவற்றோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமின்கள் பிறக்கின்றன. புகையை உள்ளிழுக்காதவர்களுக்கும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும். சுருட்டின் வேதியியலைச் சொல்ல வந்தால் இதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

சுவைக் குறிப்புகளில் கோகோ, காபி, வறுத்த பருப்பு என்று எழுதுவதைப் படித்தால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு அடிப்படை இருக்கிறது. காபிக்கொட்டை வறுபடும்போது உருவாகும் பைரசின்கள் என்ற மணப்பொருள்கள் புகையிலை சூடாகும்போதும் உருவாகின்றன. இலையின் மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் சிதைந்து மெகாஸ்டிக்மாட்ரையீனோன் போன்ற மணப்பொருள்களைத் தருகின்றன. நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி மட்டும்தான், மற்றதெல்லாம் மூக்கின் வேலை. அனுபவசாலிகள் வாயில் உள்ள புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக விடுவது அதனால்தான்.

சுருட்டின் நீளத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுவை என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. எரியும் நுனியில் உண்டாகும் புகை, எரியாத குளிர்ந்த இலைகளின் வழியாக வரும்போது அதில் ஒரு பகுதி அங்கேயே படிந்துவிடுகிறது. தீ அந்த இடத்தை எட்டும்போது இலையோடு படிந்ததும் சேர்ந்து எரியும். கடைசிப் பகுதி கடுமையாக இருப்பது இதனால்தான். அடிக்கடி இழுத்தால் நுனியின் வெப்பம் கூடி, மணம் கசப்பாகும்.

பிராந்தியப் பதிப்புகளில் வடிவம் மாறுவது வெறும் அலங்காரம் இல்லை. விட்டம் கூடக்கூட, உள்ளிருக்கும் நிரப்பு இலையோடு ஒப்பிட மேற்சுற்று இலையின் பங்கு குறையும். 52 ரிங் அளவு என்றால் 52/64 அங்குலம், அதாவது சுமார் 20.6 மில்லிமீட்டர் விட்டம். ஒல்லியான சுருட்டில் மேலிலை பேசும், தடித்ததில் நிரப்பு இலை பேசும். ஒரே பிராண்ட் வேறு அளவில் வேறு ஆளாகத் தெரிவதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

சரி, பெட்டியில் வைத்த பிறகு? சுருட்டுவதற்காக இலையை மறுபடி ஈரமாக்குவதால் மாற்றங்கள் திரும்பத் தலைதூக்கும். புதுச் சுருட்டில் அமோனியா நெடி அடிப்பது அதனால்தான். சில மாதங்களில் அது வெளியேறிவிடும். பிறகு ஆண்டுக்கணக்கில் மெதுவான ஆக்சிகரணம் நடந்து துவர்ப்பு குறையும். கூடவே எளிதில் ஆவியாகும் மணப்பொருள்களும் கசிந்துகொண்டே இருக்கும். முரட்டுத்தனமும் போகிறது, மணமும் போகிறது. முதலாவது வேகமாகவும் இரண்டாவது மெதுவாகவும் போகிற இடைவெளியில்தான் நல்ல சுருட்டு கிடைக்கிறது.

அந்த இடைவெளியை நீட்டத்தான் ஹியூமிடார் பெட்டி. 65 முதல் 70 சதவீத ஈரப்பதம், 18 முதல் 20 டிகிரி வெப்பம். ஈரம் குறைந்தால் இலை காய்ந்து சூடாக எரியும், கூடினால் பூஞ்சை பிடிக்கும். ஈரமானியை நம்பலாமா என்று பார்க்க ஓர் அழகான வழி இருக்கிறது. கொஞ்சம் சமையல் உப்பில் குழைகிற அளவு மட்டும் தண்ணீர் விட்டு, காற்றுப்புகாத டப்பாவில் ஈரமானியோடு மூடி வைத்தால், உள்ளிருக்கும் காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் வந்து நிற்கும். கரையாத உப்பும் கரைசலும் சேர்ந்திருக்கும் வரை அந்த எண் மாறாது. ஈரமானி 71 காட்டினால் அது 4 குறைத்துச் சொல்கிறது என்று பொருள்.

பெட்டியின் உட்புறப் பலகை 'ஸ்பானிஷ் சீடர்' மரம். பெயரில் சீடர் இருந்தாலும் அது வேம்பின் குடும்பம், நம் ஊர்ச் சந்தன வேம்புக்கு நெருங்கிய உறவு. புகையிலை வண்டுகளிடமிருந்து அது முழுப் பாதுகாப்பு தராது. வெப்பம் 25 டிகிரியைத் தொட்டால் இலைக்குள் இருக்கும் முட்டைகள் பொரியும் வாய்ப்பு கூடும். புழுக்கள் சுருட்டைத் துளைத்துக்கொண்டே போகும்.

வயதைக் கணக்கிடும்போது பதிப்பின் ஆண்டை மட்டும் நம்பக் கூடாது. அது அந்தப் பதிப்பு எந்த ஆண்டுக்குரியது என்பதைத்தான் சொல்கிறது. பல பதிப்புகள் ஓரிரு ஆண்டுகள் தாமதமாகவே கடைக்கு வருகின்றன. பெட்டியின் அடிப்புறத்தில் தொழிற்சாலைக் குறியீட்டோடு, ஸ்பானிய மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளும் ஆண்டும் குத்தப்பட்டிருக்கும். பெட்டியில் அடைத்த தேதி அதுதான், வேதியியலுக்கு அதுதான் கணக்கு. அந்தத் தேதி அண்மையது என்றால் அனுபவமுள்ளவர்கள் முதல் சில மாதங்கள் பெட்டியை அவ்வப்போது திறந்து அமோனியாவைப் போகவிடுகிறார்கள். நெடி அடங்கியதும் இறுக்கி மூடிவிடுகிறார்கள். லிஹேரோ அதிகமுள்ள கலவையானால் பத்தாண்டும் பொறுக்கலாம். மென்மையான கலவையை அவ்வளவு காலம் வைத்திருந்தால் மணமில்லாத புகைதான் மிஞ்சும்.