கைரல்: சொல் விளக்கம்

வீட்டில் லீவோசெட்ரிசின் மாத்திரை இருந்தால் அட்டையைப் பாருங்கள். 5 மில்லிகிராம் என்றிருக்கும். அதற்கு முன்பே வந்த செட்ரிசினோ 10 மில்லிகிராம். பாதி மருந்தில் அதே தும்மல் எப்படி நிற்கிறது? பழைய மாத்திரையில் இரண்டு வகை மூலக்கூறுகள் சரிபாதியாகக் கலந்திருந்தன. வேலை செய்ததில் பெரும்பங்கு ஒரு வகைதான். இன்னொன்று உடன் வந்த கூட்டம்.

அந்த இரண்டு வகையும் ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி. வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் ஒரே அளவு, ஒரே தோல். மாற்றிப் போட்டால் கடிக்கும். இப்படித் தன் கண்ணாடிப் பிம்பத்தோடு எப்படித் திருப்பினாலும் பொருந்தாத வடிவம்தான் கைரல். கிரேக்கத்தில் 'கெய்ர்' என்றால் கை. இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1893இல் ஆக்ஸ்போர்டில் பேசியபோது அதிலிருந்து இச்சொல்லை உருவாக்கினார். நம் 'கை'யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். வாட்சப்பில் யாரும் கிளப்பிவிட வேண்டாம்.

மூக்குக்கே இந்த வித்தியாசம் தெரியும். புதினாவில் கமழ்வதும் சதகுப்பை விதையில் கமழ்வதும் கார்வோன் என்ற ஒரே மூலக்கூறுதான். ஒன்று வலது செருப்பு, மற்றது இடது. வயலிலும் இதே கதை. மெட்டோலாகுளோர் களைக்கொல்லியில் பயனுள்ள பாதியை மிகுதியாக்கித் தயாரிக்க 1990களில் வழி பிறந்ததும், தெளிக்கும் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நொதிகளோ பெரும்பாலும் ஒரு 'கை'யைத்தான் செய்து தரும். உயிரித்தொழில்நுட்பம் மருந்து ஆலைக்குள் வந்ததற்கு இது முக்கியக் காரணம்.

தமிழில் என்ன சொல்வது? 'சீர்மையற்ற' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் நொயோரி உருவாக்கிய, 2001 நோபல் பரிசுக்குக் காரணமான வினையூக்கிகளின் உறுப்பான பைனாப் என்ற மூலக்கூறு, அரைச்சுற்றுச் சுற்றினால் பழைய தோற்றத்துக்கே வரும். சீர்மை இருக்கிறது; ஆனாலும் அது கைரல். 'கைமை' என்று சுருக்கலாமா? அது விதவை நிலையைச் சொல்லும் பழஞ்சொல். 'கைத்தன்மை' குறையில்லை. என் ஓட்டு 'புரித்தன்மை'க்கு: வலம்புரி, இடம்புரி என்று சங்கைப் பிரித்துப் பழகியவர்கள் நாம்.

'வலஞ்சுழி', 'இடஞ்சுழி' வேறு. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அந்தப் பொருளின் கரைசல் எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதையே அவை குறிக்கும், வடிவத்தை அல்ல. லீவோசெட்ரிசின் இடஞ்சுழி, அதன் வடிவக் குறியோ 'ஆர்', வலப்பக்கத்துக்கு வைத்த எழுத்து. அந்த 'ஆர்', அதன் இடப்பக்க இணையான 'எஸ்' குறிகளை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாம். வலம், இடம் என்று பெயர்த்தால் குழப்பம்தான்: நாம் வலம்புரி என்று பூசையில் வைக்கும் சங்கையே விலங்கியலார் இடப்பக்கச் சுருள் என்றுதான் எழுதுகிறார்கள்.