பம்பருக்குக் கீழே ஒரு பட்டை

அமெரிக்காவில் புது ஷெவர்லே சில்வராடோ பிக்கப் (பின்புறம் திறந்த சரக்குத் தொட்டி உள்ள வண்டி) வாங்கும் சிலர், முன் பம்பருக்கு அடியில் தொங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையை முதல் வேலையாகக் கழற்றிவிடுகிறார்கள். பார்க்க லட்சணமாக இல்லை, கரடுமுரடான பாதையில் இடிக்கிறது என்று குறை. இன்னும் சிலர் அதே மாதிரிப் பட்டையைக் காசு கொடுத்து வாங்கிப் பழைய வண்டியில் மாட்டுகிறார்கள். இதுதான் ஏர் டேம்.

ஒரு பிக்கப்பின் அடியில் குனிந்து பார்த்தால் இதன் தேவை புரியும். குறுக்குச் சட்டங்கள், ஆக்சில், டிஃபரன்ஷியல், புகைக்குழாய் என எல்லாமே மேடும் பள்ளமுமாகத் துருத்திக்கொண்டிருக்கும். வண்டி உயரமானது என்பதால் நிறையக் காற்று உள்ளே புகுந்து, ஒவ்வொன்றிலும் மோதிச் சுழலும். அந்தச் சுழலுக்கான ஆற்றலும் நாம் போட்ட பெட்ரோலிலிருந்துதான் போகிறது. காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதாவது வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு. ஆகவே ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டிக்கு ஏர் டேம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நெடுஞ்சாலையில்தான் பலன் தெரியும்.

அடியில் நுழையவிருந்த காற்றில் ஒரு பகுதியை இந்தப் பட்டை வழவழப்பான பக்கவாட்டுக்குத் திருப்பிவிடுகிறது. அப்படியானால் தரையைத் தொடும் அளவுக்கு இறக்கிவிடலாமே? கூடாது. பட்டையும் காற்றை எதிர்த்து நிற்கும் ஒரு தட்டுதான். அளவு மீறினால் அடியில் மிச்சம் பிடித்ததைவிட முன்னால் அதிகம் இழப்போம். 2019 ராம் 1500 பிக்கப்பில் வந்த ஏர் டேம், மணிக்கு 35 மைலைத் தாண்டிய பிறகுதான் 2.5 அங்குலம் கீழே இறங்கும்.

பலரும் கவனிக்காத இன்னொரு வேலை ரேடியேட்டர் சம்பந்தப்பட்டது. பட்டைக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால், ரேடியேட்டர் வழியாக வந்த சூடான காற்று கீழ்ப்பக்கமாக வெளியே இழுக்கப்படும். 1982 முதல் 1992 வரை வந்த கமேரோ கார்களில் அடிப்பட்டை உடைந்துபோனால், நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடேறும். தெர்மோஸ்டாட்டை மாற்றி, வாட்டர் பம்பை மாற்றி, கடைசியில்தான் சிலர் குனிந்து பார்ப்பார்கள்.

சரி, மாட்டுவது எப்படி? ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிக நீளமும் 10 செ.மீ. உயரமும் உள்ள பட்டையை, 110 கி.மீ. வேகத்தில் காற்று ஏறக்குறைய 9 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். வெறும் ஸ்க்ரூ போட்டால் துளையைச் சுற்றிக் கிழிந்துவிடும். அகலமான வாஷர் வேண்டும். பட்டை பின்னால் மடங்காதபடி நாலைந்து இடங்களில் தாங்கு கம்பியும் வேண்டும். பிளாஸ்டிக் வெயிலில் நீளும். 40 டிகிரி வித்தியாசத்துக்கு இந்த நீளப் பட்டை 5 மி.மீ. வரை நீளக்கூடும். அதனால் நடுத் துளை மட்டும் வட்டமாக இருக்கட்டும். மற்றவற்றை நீள்வட்டமாகப் போட்டு, ஸ்க்ரூவை அளவாக முடுக்கினால் அலையலையாக நெளியாது.

என்னைக் கேட்டால் பளபளக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்கைவிட வளையும் ரப்பரே மேல். பார்க்கிங் விளிம்பில் இடித்தாலும் மடங்கி நிமிர்ந்துவிடும். இழுவைக் கொக்கி, கீழ்க் கிரில் துவாரம், பார்க்கிங் சென்சார் ஆகியவற்றை மறைக்காமல், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து டயர் உரசவில்லை என்று பார்த்த பிறகு துளை போடுங்கள்.