மஞ்சள் அட்டையும் நீல டிரம்மும்

தாராவியின் 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் மருத்துவம் பார்க்கிறேன். கப்பல் வேலைக்கும் ஆப்பிரிக்கக் கட்டட வேலைக்கும் கிளம்புகிற பிள்ளைகள் போகும் முன் என்னிடம் ஒரு எட்டு வந்துவிட்டுப் போவார்கள். ஏப்ரலில் வந்த ஒரு தம்பிக்கு மூன்றாம் நாள் அங்கோலாவின் லுவாண்டாவுக்கு விமானம். கூடவே அவன் அம்மா, திருநெல்வேலிப் பக்கம்.

“ஐயா, மஞ்சள் காய்ச்சல் ஊசியை நீங்களே போட்டு, தேதியை மட்டும் பதினைந்து நாள் முன்னால் எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்றார், ரேஷன் அட்டைக்குக் கையெழுத்துக் கேட்பதுபோல.

இரண்டுமே என்னால் ஆகாது. அந்த ஊசியை மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். குப்பியை ஒருமுறை திறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால்தான் முன்பதிவு, ஆள் சேரும்வரை காத்திருப்பு எல்லாம். போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும், உடம்பில் எதிர்ப்பாற்றல் ஊற அவ்வளவு நாள் பிடிப்பதால். தேதியை ஏமாற்றலாம், வைரஸை ஏமாற்ற முடியாது.

“காமாலைக்குத்தான் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறேனே” என்றார் அடுத்து. பெயர் செய்கிற குழப்பம் இது. மஞ்சள் காய்ச்சலிலும் கண் மஞ்சளிக்கும். ஆனால் அது ஏடிஸ் கொசு பரப்பும் தனி வைரஸ். நோய் முற்றிக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கினால் அப்படிப்பட்டவர்களில் பாதிப் பேர் பிழைப்பதில்லை. அதைக் கொல்ல மருந்து கிடையாது. மாக்ஸ் டைலர் 1930களில் உருவாக்கிய தடுப்பூசி மட்டுமே உண்டு. அதற்காக 1951இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாழ்நாளுக்கு ஒரு ஊசி போதும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விதியும் 2016 ஜூலையில் போய்விட்டது. பழைய அட்டை வைத்திருப்பவர்கள் வீணாக அலைய வேண்டாம்.

அவன் போகவிருந்த லுவாண்டாவில்தான் 2015 டிசம்பரில் பெரும் தொற்று கிளம்பியது. அங்கே வேலை பார்த்த 11 பேர் நோயோடு சீனாவுக்குத் திரும்பினார்கள். ஆசியாவில் இந்த நோய் உறுதியானது அதுவே முதல் முறை. நல்லவேளை, உள்ளூரில் பரவவில்லை. அவசரத்துக்கென்று உலக அளவில் சேமித்து வைத்திருந்தது 60 லட்சம் ஊசிகள். அங்கோலாவுக்கும் காங்கோவுக்கும் சேர்த்துத் தேவைப்பட்டதோ மூன்று கோடி. கடைசியில் காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் ஒரு ஊசியின் மருந்தை ஐந்தாகப் பகிர்ந்து போட்டார்கள்.

இந்தியாவில் இந்த நோய் இல்லை, கொசு இருக்கிறது. பயம் அங்கேதான். நோயுள்ள நாட்டிலிருந்து சரியான அட்டையில்லாமல் இறங்குபவரை ஆறு நாள்வரை தனியே வைப்பது அதற்காகவே. கொசு கடித்து ஏறிய வைரஸ் காய்ச்சலாகத் தலைகாட்ட மூன்று முதல் ஆறு நாள் ஆகும். அட்டையில் பொய்த் தேதி இருந்தால் அந்த ஆறு நாளும் அவர் எங்கள் சந்தில்தான் இருப்பார். திரும்பி வந்து காய்ச்சலோடு வருகிறவர்கள், எந்த நாட்டுக்குப் போய்வந்தோம் என்பதைக் கேட்காமலே சொல்லிவிட்டால் எனக்குப் பாதி வேலை மிச்சம். மலேரியாவா வேறா என்று பார்க்க அதுதான் துப்பு. பெரிய ஆபத்தாகக் கூடும் என்று நாடு கணித்துவிட்டால், உலக சுகாதார நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அந்தத் தகவல் என்னைப் போன்றவர்களின் மேசையிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

தம்பி ஊசி போட்டுக்கொண்டான். ஏஜெண்ட் கத்தினார், டிக்கெட் பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது.

அம்மாவிடம் தண்ணீர் டிரம்மைப் பற்றியும் கேட்டேன். குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வருகிற எங்கள் பகுதியில் வாசலுக்கு வாசல் நீல டிரம் நிற்கும். ஏடிஸுக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவி மூட வேண்டும் என்றேன்.

“மூடி இருக்கிறதே ஐயா” என்றார்.

மறுநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். மூடி இருந்தது, கூரைத் தகரத்தின் மேல். அதில் கூழ்வடகம் காய்ந்துகொண்டிருந்தது.