குகை வாசலில் டயர் கொளுத்தாதீர்கள்

கேரளத்தில் நிபா வைரஸ் காய்ச்சல் என்று செய்தி வந்தால் போதும், அதை வௌவால்தான் பரப்புகிறது என்று பயந்து, எங்கள் மலையடிவார ஊர்களில் யாராவது குகை வாசலில் டயரைக் கொளுத்திவிடுகிறார்கள். போன வாரமும் நடந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தரையில் கிடந்த வௌவால்களில் பாதி குட்டிகள். முடிகூட முளைக்காத, கட்டைவிரல் அளவு உடம்பு. இரண்டொன்றுக்கு இன்னும் மூச்சு இருந்தது.

கால்நடை மருத்துவராக இதைச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன். வௌவால் என்றாலே குகை என்று யார் சொன்னது? நீங்கள் பயப்படும் பெரிய பழந்தின்னி வௌவால் குகைக்குள் தங்குவதே இல்லை. ஆல், புளி, மருதம் போன்ற பெரிய மரங்களின் உச்சியில், பட்டப்பகலில், ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு தொங்கும். இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். குட்டைமூக்குப் பழந்தின்னிக்குப் பனையோலையும் நெட்டிலிங்க மரமும் போதும். காய்ந்த வாழைச் சருகுக்குள் தூங்கும் வௌவால்கூட உண்டு.

குகை, பாழடைந்த மண்டபம், பழைய கிணறு ஆகிய இடங்களில் இருப்பவை பெரும்பாலும் பூச்சி தின்பவை. ராத்திரியில் உங்கள் வயலுக்கு மேலே அந்துப்பூச்சி பிடிப்பவையும் இவைதான். 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, நோய் கண்ட வீட்டுக் கிணற்றில் இருந்த வௌவால்கள்மேல்தான் முதல் சந்தேகம் விழுந்தது. சோதித்தார்கள், வைரஸ் இல்லை. அவை பூச்சி தின்னிகள். பிறகு அந்தப் பகுதியில் பிடித்த பெரிய பழந்தின்னிகளில்தான் அது கிடைத்தது.

சரி, அப்போ மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கலைந்த கூட்டம் நாலு தோப்புக்குச் சிதறும், அவ்வளவுதான்.

குகையில் தங்கும் பழந்தின்னிகளும் உண்டு. மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரக் குகையில் 2020-ல் பிடித்த ரூசெட்டஸ் என்ற பழந்தின்னி வௌவால்களில் நிபாவின் தடயம் கிடைத்தது. அதனால் கொளுத்தவும் வேண்டாம், குகைக்குள் போகவும் வேண்டாம். மேகமலையில் முதன்முதலில் பிடிபட்ட சலீம் அலி பழந்தின்னியும் குகைவாசிதான்; மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் அதற்கு வேறு இடம் கிடையாது. ஒரு டயர் அதை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பழந்தின்னிகளைத் தீங்கு விலங்கு என்று சொன்ன பட்டியலையே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது.

இன்னொன்று. குகைக்குள் புலி இருக்கும் என்று பயந்துகொண்டே செல்ஃபி எடுக்கப் போகிறவர்களுக்கு: புலி பெரும்பாலும் தேடுவது புதரையும் ஓடைக்கரையையும். பாறை இடுக்கில் பகலில் படுத்திருப்பது பெரும்பாலும் கரடி, பல நேரம் குட்டியோடு.

கடிபட்ட பழத்தைத் தின்னாதீர்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள். பதநீர்க் கலயத்தை மூடிக் கட்டுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள், தயவுசெய்து. கடித்தாலோ கீறினாலோ கால் மணி நேரம் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு, மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் உட்காராமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள்.